பிரிக்காத பொட்டலம்

குற்றாலத்தில் ஒரு குரங்கோடு நான் மல்லுக்கட்டியதை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் இரண்டொருவர் இருக்கக்கூடும்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. ஆனி மாதக் கடைசி. தென்காசியிலிருந்து முதல் பேருந்தில் போய் இறங்கியிருந்தேன். காலை எட்டரைக்குள் திரும்பிவந்து ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மழைமானியின் முன்னால் நிற்க வேண்டும். அது என் வேலை. அதனால் அருவியை அண்ணாந்துகூடப் பார்க்காமல், தண்ணீர் ஆறாக இறங்கி ஓடும் பாறைப் பக்கம் நடந்தேன். மூக்குக் கண்ணாடியில் சாரல் படிந்து எதிரே இருந்ததெல்லாம் கலங்கித் தெரிந்தது.

இடது கையில் ஒரு பொட்டலம். வாழையிலைத் துண்டை மடித்து வாழை நாரால் கட்டியது. ஒரு கொழுக்கட்டை அளவு இருக்கும். அதைப் பிரிக்காமல் ஓடும் தண்ணீரில் விட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

தண்ணீருக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது அந்தக் குரங்கு வந்தது. முகத்தில் ஒரு பக்கம் முடி உதிர்ந்துபோன கிழட்டு ஆண் குரங்கு. வந்த வேகத்தில் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தது. நான் விடவில்லை. அதுவும் விடவில்லை.

பாறையில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஆள் கத்தினார்: "ஏ அண்ணாச்சி, விட்டுத் தொலைங்க! பழந்தான, வேற வாங்கிக்கிடலாம்!"

"பழமில்ல!" என்றேன்.

"பழமில்லேன்னா அது என்னத்துக்கு இந்தப் பாடு படுது? நீங்க என்னத்துக்கு இந்தப் பாடு படுதிய?"

தேய்த்துக்கொண்டிருந்தவரும் தேய்க்கப்பட்டவரும் சேர்ந்து சிரித்தார்கள். குரங்கு என் மணிக்கட்டில் கீறிவிட்டது. இலையின் ஓரம் கிழிந்தது. நான் குடையை ஓங்கியதும் பல்லைக் காட்டிவிட்டுப் பின்வாங்கியது. அந்த ஒரு கணத்தில் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்தேன். அது ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்தது.

உள்ளே இருந்தது வெறும் பூ. என்ன நிறப் பூ என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை போராட்டமும்.

எட்டு இருபத்தைந்துக்கு மழைமானியின் முன்னால் நின்றேன்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரைப் படித்துவரும் மதுரை வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். 'அளவு, கணக்கு என்றே எழுதுகிறீர். ராக்கெட் விடும் காலத்தில் கோயில் குளம் என்று ஜனங்கள் அலைவதைப் பற்றி உமது கருத்து என்ன? நீர் நம்புகிறவரா, நம்பாதவரா? ஒரே வார்த்தையில் பதில் தேவை.'

ஒரே வார்த்தை. நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். இருபத்தைந்து வருஷமாகத் தினக்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுந்த நேரம், உண்டது, வந்தவர், போனவர், பெய்த மழை என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு உரிய இடத்தை மட்டும் காலியாகவே விட்டுவந்திருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு மேலதிகாரி டீக்கடையில் பகுத்தறிவை விளாசுவார். அதே மனிதர் முக்கியமான கோப்பில் கையெழுத்துப் போடுமுன் காலண்டரில் ராகுகாலத்தைப் பார்ப்பார். கேட்டால், "நமக்கு நம்பிக்கையில்ல ஓய், எதுக்கு வம்புன்னு பாக்குதேன்" என்பார். நான் அவரைவிட மேலானவன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பு இல்லை.

யாருடைய மழை

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

மழைமானி என்பது பெரிய யந்திரம் ஒன்றும் அல்ல. தரையில் பதித்த ஒரு செம்புப் புனல், அதற்குள் ஒரு பாத்திரம், அளந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குவளை. முந்தைய நாள் காலையிலிருந்து விழுந்த தண்ணீரை எட்டரைக்கு அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சாரல் பொய்த்த வருஷத்தில் ஊரே அந்தக் குவளையைத்தான் பார்க்கும். எனக்கு 'மழை அண்ணாச்சி' என்றே பெயர்.

அப்படி ஒரு வருஷம் ஆடி பிறந்தும் அருவியில் தண்ணீர் இல்லை. சித்தாற்றில் ஆளுயரக் குழி வெட்டி, அதில் ஊறிய தண்ணீரில் கழுத்தளவு நின்று வருண ஜபம் செய்தார்கள். அதே வாரம் நெசவாளர் தெருக்காரர்கள் மைதானத்தில் வெயிலில் நின்று மழைத் தொழுகை நடத்தினார்கள். மறுநாள் பிற்பகல் மழை கொட்டியது.

காலையில் நான் போகுமுன்பே மழைமானியின் வேலிக்கு வெளியே இரண்டு கூட்டமும் நின்றது.

"எங்க ஜபத்துக்கு எவ்வளவு விழுந்திருக்கு, அண்ணாச்சி?" என்றார் ஜபத்தை முன்நின்று நடத்தியவர்.

எனக்குத் தெரிந்த நெசவாளி மைதீன் சிரித்துக்கொண்டே, "அவுஹ கணக்கத் தனியா எழுதிருங்க, எங்க கணக்கத் தனியா எழுதிருங்க. தகராறு வேணாம்" என்றார்.

குவளையில் இருந்ததைப் பார்த்துச் சொன்னேன். யாருடைய மழை என்று எழுதப் பதிவேட்டில் பத்தி இல்லை என்றும் சொன்னேன். "அளவு மட்டும் போதுமா? ஆளு வேணாமா?" என்றார் மைதீன். எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பதிவேட்டில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. வறட்சிக் காலத்தில் குறைத்து எழுது என்று சொன்னவர்கள் உண்டு. தேர்த் திருவிழா சமயத்தில் கூட்டி எழுது என்றவர்களும் உண்டு. மாற்றியதில்லை. என் வாழ்க்கையில் நான் பொய்யாகப் பதிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பதிவேட்டில் இல்லை.

டாக்டரம்மா சொன்னது

நான் குரங்கோடு மல்லுக்கட்டிய அந்தச் சமயம், என் மனைவி கோமதிக்கு இரண்டு வருஷமாக உடம்பு சரியில்லாமல் இருந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. நகமும் உதடும் வெளுத்துவிட்டன. குடத்தைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள்தான் தண்ணீர் எடுத்தாள்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயதான டாக்டரம்மா. பரிசோதித்துவிட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "கர்ப்பப்பையில கட்டி இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாப் பிழைச்சுக்குவாங்க. விட்டா இந்த வருஷம் தாண்டாது."

நான் உடனே நாள் குறிக்கச் சொன்னேன். கோமதி வாயைத் திறந்தாள்.

"பூக் கெட்டிப் பாக்காம நான் வரமாட்டேன்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் தொடங்குமுன் இரண்டு பொட்டலம் கட்டுவார்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. எது எது என்று வெளியே தெரியாது. சாமியின் காலடியில் வைத்து, பூஜை செய்பவர் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய்க் கேட்டுட்டு வாங்கம்மா. நானும் ஜெபம் பண்ணாமக் கத்தியைத் தொடமாட்டேன். ஆனா கத்தியைக் கொதிக்கவச்சாச்சான்னும் பாத்துக்குவேன். அடுத்த வாரத்துக்குள்ள வந்திரணும்."

ரயிலில் திரும்பும்போது கோமதியிடம் சண்டை போட்டேன்.

"ஒரு பூவா ஒன் உயிரத் தீர்மானிக்கணும்?"

"ஒங்கள எனக்குக் குடுத்ததே அந்தப் பூதான்" என்றாள். எங்கள் கல்யாணமும் பூக்கட்டிப் பார்த்து முடிவானது.

அம்பாசமுத்திரம் தாண்டும்வரை சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பொட்டலம். பாதிக்குப் பாதி. எந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தாலும் பாதிக்குப் பாதிதான். சிவப்பு வந்தால் அவள் வரமாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

நந்தியாவட்டையும் செவ்வரளியும்

பண்பொழித் திருமலை முருகனிடம் கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைக்கு நந்தியாவட்டை. சிவப்புக்குச் செவ்வரளி. வீட்டுத் தலைவன்தான் கட்ட வேண்டும் என்பது கோமதி குடும்பத்து வழக்கம். கோமதி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அடுக்களையில் உட்கார்ந்து கட்டினேன்.

முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டை வைத்தேன். இரண்டாவதிலும் நந்தியாவட்டை வைத்தேன்.

ஆபீஸ் கட்டுகளுக்குப் போடும் உருவுமுடிச்சுத்தான் எனக்குக் கை வந்த முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அதையே இரண்டுக்கும் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

மிச்சம் நின்றது நாலைந்து செவ்வரளிப் பூ. வாசலில் சாக்கடை இருந்தது. எறிந்திருக்கலாம். சாமிக்கு என்று வாங்கிய பூவைக் காலில் மிதிபடப் போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டுவண்டியில் மலையடிவாரம் போனோம். படியேற வேண்டாம், டோலியில் தூக்கிப் போகலாம் என்றேன். கோமதி கேட்கவில்லை. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தாள். நான் முன்னால் ஏறி, திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். படிகளை எண்ணவும் செய்தேன். ஊரார் சொல்லும் எண்ணிக்கைக்கும் எனக்கு வந்ததற்கும் வித்தியாசம் இருந்தது. அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

பாதி வழியில் ஒரு பிள்ளையார் சன்னதி. அங்கே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூஜைச் சாமானும் பொட்டலங்களும் இருந்த கூடையையும் அவளையும் நிழலில் விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். வர நேரமாகிவிட்டது. வரும்போது தூணில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"முடியலேன்னா திரும்பிருவோம்" என்றேன்.

"இல்ல. இப்பம் முடியும்" என்றாள்.

மேலே சன்னதியில் கூட்டம் இல்லை. பட்டர் நாங்கள் கொண்டுபோன செவ்வரளிச் சரத்தை முருகனுக்குச் சாத்தினார். இரண்டு பொட்டலத்தையும் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு ஒன்றை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். கடைசியில் நாரையே பிய்த்தார்.

கோமதி கண்ணை இறுக மூடியிருந்தாள். கும்பிட்ட கை உதறிக்கொண்டிருந்தது. நானும் பயந்தவன்போல நின்றேன். மனத்துக்குள், பாவம், இவள் இப்படி நடுங்குகிறாளே, நம்மைத் தவிர யாருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன்.

"வெள்ள" என்றார் பட்டர். "உத்தரவு ஆயிட்டு. தைரியமாப் போங்கோ."

மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "பிரிக்கப்படாது, கேட்டேளா? ஓடுத தண்ணில விட்டுருங்கோ."

மறுநாள் காலை குற்றாலம் போனேன். குரங்கு வந்தது. அதை முன்பே சொல்லிவிட்டேன். பொட்டலம் ஒரு ராத்திரி முழுவதும் என் வீட்டில்தான் இருந்தது. பேருந்தில் என் மடியில்தான் இருந்தது. நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்கக்கூடாது என்ற வழக்கத்துக்காக அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

கைராசி

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். ஐப்பசியில் கோமதி குடம் தூக்கினாள்.

அதன் பிறகுதான் என் அவஸ்தை தொடங்கியது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவள் மலைக்குப் போனாள். நானும் உடன் போனேன். அவள் கண்ணில் நீர் வழியக் கும்பிடும்போது நான் பட்டரின் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்தேன். அவள் கும்பிடுவது என் விரல்களை என்று தோன்றும். முதல் வருஷம் அதில் ரகசியமான ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு அது போய்விட்டது. அவளிடம் அவளுடைய சாமியைத் திருடிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு குமாஸ்தாவை உட்காரவைத்துவிட்டேன் என்ற எண்ணம் வந்தது. அது வந்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் என்னால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு இப்பம்லாம் எம்புட்டுப் பக்தி! எத்தன சுத்து சுத்துதாவ!" என்பார்கள் கோமதியிடம்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. தெருவில் எனக்குக் கைராசி என்று பேச்சாகிவிட்டது. மழை அண்ணாச்சி கையால் கட்டினால் வெள்ளைதான். மகளுக்கு மாப்பிள்ளை, கிணறு வெட்ட, கடை திறக்க என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஆபீஸ், ஜலதோஷம், தீட்டு என்று ஏதாவது சொல்லித் தப்பினேன். தீட்டு என்று சொன்ன அன்றைக்கு ஒரு கிழவர், "யாரு, அண்ணாச்சி, தவறிப் போனது?" என்று விசாரித்துக்கொண்டு மாலை வந்துவிட்டார். இல்லாத ஒரு பெரியப்பாவைக் கொல்ல வேண்டியதாயிற்று.

பொய்யை எழுதிவைக்க என் நோட்டில் இடம் இல்லை. அப்படி ஒரு பொய் சொன்ன ராத்திரிகளில் தூக்கம் இல்லை.

உள்ளி உரித்த மத்தியானம்

ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்து, புதுக் குவளையும் பழகிவிட்டது.

எதிர் வீட்டில் சைக்கிள் கடை இசக்கிக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி செண்பகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் பூக் கெட்டித் தரணும். மதினிக்குக் கெட்டுன கை. ஒங்க கையால வெள்ள வந்தா அவிய கண்ண மூடிட்டுப் படுத்துருவாவ."

வழக்கம்போல ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். கோமதி அடுக்களையில் சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் ஆரம்பித்தாள்.

"அவகிட்ட என்னத்துக்கு மாட்டேன்னு சொன்னிய?"

"ஆபீஸ்ல வேல இருக்கு."

"ஞாயித்துக்கிழமை ஒங்களுக்கு என்ன வேல? பூக் கெட்டப்படாதுன்னு சர்க்கார்ல உத்தரவு போட்டிருக்காவளா?"

"என் கைக்கு ஒரு ராசியும் கெடையாது. என்னிய விடு."

"ராசி இருக்கோ இல்லியோ, அவ நம்பி வந்திருக்கா. ரெண்டு பூவக் கெட்டிக் குடுக்கதுக்கு வலிக்கா?"

அத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"கோமதி, அன்னைக்கு நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவத்தான் வச்சேன்."

அவள் கை நிற்கவில்லை. உரித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"படியில திரும்பித் திரும்பி என்னியப் பாத்தியல்லா? அப்பம் ஒங்க சட்டப் பையில அரளிப் பூ எட்டிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. பொட்டலத்துக்குள்ள இருக்க வேண்டியது பையில என்னத்துக்கு இருக்குன்னு நெனச்சேன். நீங்க தண்ணிக்குப் போன பொறவு பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் வெள்ள."

"தெரிஞ்சேதான் மேல வந்தியா?"

"தெரிஞ்சா எப்பிடி வருவேன்? மாத்திட்டுல்லா வந்தேன்."

"என்னத்த மாத்துன?"

"கூடையில சாமிக்குக் கொண்டுபோன அரளிச் சரம் இருந்துச்சுல்லா. அதுல நாலு பூவ உருவி ஒண்ணுல வச்சேன். வெள்ளயப் பிள்ளையாருக்குப் போட்டுட்டேன். பொறவு எது எதுன்னு எனக்கே தெரியாம, கண்ண மூடிக்கிட்டுக் கூடைக்குள்ள உருட்டி உருட்டி வச்சேன். ஒங்க முடிச்சு எனக்கு வராது. ரெண்டையும் இறுக்கிக் கெட்டிட்டேன்."

அடுப்பில் பருப்பு பொங்கியது. அவள் எழுந்து மூடியை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்கிட்டச் சொன்னியளா?"

"செவப்பு வந்திருந்தா?"

"வீட்டுக்கு வந்திருப்போம். அடுப்பப் பத்தவச்சிருப்பேன்."

"ஏட்டி, செத்துப் போயிருப்ப!"

"போயிருப்பேன்" என்றாள். "அதுக்காவ, ஒருத்தர்ட்ட கேக்கப் போயிட்டுப் பதில நாமளே எழுதிக் குடுக்கலாமா? ஒங்க மழக் கணக்க நான் ஒரு நாள் மாத்தி எழுதுனா நீங்க சும்மா இருப்பியளா?"

உள்ளி என் கண்ணையும் எரித்தது. வெளியே போய்விட்டேன்.

பழைய நோட்டு

பீரோவிலிருந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன். என் கையெழுத்துத்தான்: 'படிகள் எண்ணியதில் வித்தியாசம். பிள்ளையார் சன்னதியில் ஓய்வு, இருபது நிமிஷம். பட்டர் முடிச்சை அவிழ்க்க முடியாமல் நாரைப் பிய்த்தார். வெள்ளை.'

ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போட்டவன் நான். அது அவிழவில்லை என்று எழுதியவனும் நான். அந்த நோட்டை எத்தனையோ தரம் புரட்டியிருக்கிறேன். அந்த வரி ஒரு நாளும் கண்ணில் தைக்கவில்லை.

ஆக அன்று மலைமேல் நடந்தது உண்மையாகவே பாதிக்குப் பாதி. பட்டரின் கை ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் எனக்கு மனைவி இல்லை. நான் பயந்தவன்போல நடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் பயப்பட அத்தனை காரணமும் இருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்று நடுங்கிய பெண்ணைப் பார்த்து நான் இரக்கப்பட்டேன்.

செண்பகத்துக்கு மறுநாள் பூக் கட்டிக் கொடுத்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. அவள் முன்னாலேயே வைத்து, இறுக்கிக் கட்டினேன். திருமலையில் சிவப்பு வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் செண்பகம் கீழப்பாவூர் நரசிம்மரிடம் போய், வேறு ஒருவர் கையால் கட்டி, மறுபடி கேட்டாள். வெள்ளை வந்தது. இசக்கி இப்போதும் பஞ்சர் ஒட்டுகிறான்.

"நீயும் அப்பிடி இன்னொரு கோயில்ல கேட்டிருப்பியா?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"செண்பகம் கெட்டிக்காரி" என்றாள். "எனக்கு அது வராது."

அந்தப் பதிலோடு இன்றுவரை குடித்தனம் செய்கிறேன். சில நாள் மழைமானியில் ஒரே தண்ணீரை மூன்று தரம் அளக்கிறேன்.

மறுபடி அந்தக் குரங்கு

போன சாரல் பருவத்தில் குற்றாலம் போயிருந்தோம். அதே பாறை. கோமதி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு, "இங்கனதான ஒங்கள அது பிறாண்டுனது? முள்ளு குத்திட்டுன்னு எங்கிட்டச் சொன்னிய!" என்று சிரித்தாள். இந்த அத்தியாயத்தை எழுதப்போகிறேன் என்றபோதும், "எழுதுங்க. குரங்க மட்டும் விட்டுராதிய" என்றுதான் சொன்னாள்.

விடவில்லை. விட முடியவில்லை. அன்று அந்தக் குரங்கு இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் பொட்டலம் பிரிந்திருக்கும். என் காலடியில் செவ்வரளி விழுந்திருக்கும்.

மதுரை வாசகர் இதை யோசித்துப் பார்க்கட்டும். பூவின் உத்தரவை நம்பாமல் இரண்டிலும் வெள்ளையை என் கையால் வைத்துக் கட்டியவன் நான். கோமதி மாற்றியது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அந்த நிலையில், நான் வைத்த வெள்ளை சிவப்பாகிக் கிடப்பதை என் கண்ணாலேயே பார்த்திருந்தால், அவளை ரயில் ஏற்றியிருப்பேனா?

இல்லை. ஏற்றியிருக்க மாட்டேன்.

கேட்டபடி, ஒரே வார்த்தையில் எழுத எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.